பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்தில்

மோரா, மே மாதம்

அன்பு மகள் யொன்னாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ நலமா என்று கேட்கிறேன், நாங்கள் நலம் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை, சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அவ்வளவுதான். ஏரியில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி, டாக்டரிடம் போகச் சொன்னால் வள்ளென்று விழுகிறார். வசந்தத்தை வரவேற்க ஏரிக்கரையில் மூட்டும் வல்போரி நெருப்புக்கு இந்த வருடம் நாங்கள் போகவில்லை, ஊரே கரையில் நின்று பாடியது, நான் திரையை இழுத்து மூடிவிட்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நெருப்பைப் பார்க்க என்னால் முடியாதடி.

நீ அங்கே ஆஸ்திரேலியாவில் சுரங்கத்து எலக்ட்ரீஷியன் வேலையை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவுகிறாய் என்று தம்பியின் கூட்டாளி மெல்கர் சொன்னான். இனி ஒரு வயரைக்கூடத் தொட மாட்டேன் என்றாயாமே. தம்பி காரில் நீ இழுத்த வயர்தான் பற்றிக்கொண்டது, நீதான் ஹம்பஸைக் கொன்றாய் என்று உனக்கு நீயே தீர்ப்பு எழுதிக்கொண்டாய். அடக்கத்தன்று அவன் கூட்டாளிகள் அத்தனை பேரும் சர்ச் வாசலில் கார் டிக்கியைத் திறந்துவைத்து, ஆம்ப்ளிஃபயர் விளக்குகள் எரிய, பாட்டு மட்டும் போடாமல் நின்றார்களே, அதைக்கூட நீ நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது நான் எழுதுவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. செத்த பிள்ளை மேல பழி போடாத மரீத்தா, அவன் எழுந்து வந்து பதில் சொல்லவா போறான் என்று கத்தினார். கத்தட்டும். எரிந்த காரைப் போலீஸ் திருப்பிக் கொடுத்துவிட்டது, கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருக்கிறோம். போன வாரம் மெல்கரைக் கூட்டிப் போய்த் தார்ப்பாயை விலக்கி, உள்ளதைச் சொல்லடா என்றேன். பையன் குலுங்கிக் குலுங்கி அழுதான். நீ வேலைக்கு ஆஸ்திரேலியா போன பிறகு ஹம்பஸ் பெரிய ஆம்ப்ளிஃபயர் இரண்டு வாங்கி, டிக்கியில் பலகை அடித்துப் புது ரேக் கட்டினானாம். மேலே கண்ணாடி, உள்ளே நீல விளக்கு. நீ போட்ட வயர் பத்தாது என்று கட்டைவிரல் தடிமனில் வேறு இழுத்திருக்கிறான். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலிருக்கும் தகட்டு ஓட்டையில் நீ மாட்டிய ரப்பர் வளையத்துக்குள் அது நுழையவில்லை, வளையத்தையே பிடுங்கிப் போட்டுவிட்டான். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்தில் நீ வைத்திருந்த ஃபியூஸையும் கழற்றி, பின்னால் ரேக்கில் கண்ணாடிக்கு அடியில் வைத்தானாம். தங்கமாட்டம் மின்னுது, எஞ்சினுக்குள்ள கெடந்தா எவன்டா பாப்பான் என்றானாம். யொன்னா பாத்தா கொன்னே போட்டுடுவா என்று மெல்கர் சொன்னதற்கு, அவ பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கா, கவலைய விடுடா என்று சிரித்தானாம்.

நானே கரிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். ஃபியூஸ் அங்கேதான் இருக்கிறது, உள்கம்பி அறுந்துபோகாமல் முழுசாக. வளையம் இல்லாத தகடு வயரை அறுத்தது முன்னால், பேட்டரிப் பக்கம். ஃபியூஸோ பின்கோடியில், மின்சாரம் அதுவரை வரவே இல்லை. அது எதைத் தடுக்கும்? உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேள், மனதைத் திடப்படுத்திக்கொள். புகை வந்ததும் அவன் வெளியே வந்துவிட்டானாம். மெல்கர் சட்டையைப் பிடித்து இழுத்தும், ரேக் போயிடும்டா விடுடா என்று உதறிவிட்டுத் திரும்ப உள்ளே போயிருக்கிறான். பாவி, ஸ்குரூ கழற்றப் போயிருக்கிறான்.

நான் அவன் மேல் பழி போடவில்லை. அவன் என் பிள்ளை, அவன் முட்டாள்தனமும் என்னுடையதுதான். ஆனால் இருக்கிற ஒருத்தியையும் அவனோடு சேர்த்துப் புதைக்க என்னால் ஆகாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பியில்லாமல் அலையாதே. கோடைத் திருநாளுக்குக் கட்டாயம் வர வேண்டும், மறக்காதே. அவன் கல்லறையில் கல் நட்டாயிற்று. அதன் முன்னால் நின்று, சின்ன வயதில் திட்டுவாயே, அப்படி வாய் வலிக்க அவனைத் திட்டிவிட்டுப் போ. அது அவனுக்குப் பாக்கி இருக்கிறது. கடவுள் உன் கைகளைக் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
மரீத்தா

பின்குறிப்பு: கடிதத்தை அப்பா வாசித்தார். எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டு வந்தார். உறைக்குள் இருக்கும் ரப்பர் வளையம் அவர் வைத்தது. ஹம்பஸின் கருவிப் பெட்டியில் கிடந்ததாம். தடவிப் பார், ஒரு கீறல்கூட இல்லை.