மேல்வரிசை

ஜூன் 18, புதன்

பல்செட்டின் இடது ஓரம் நான்கு நாளாக ஈறைக் கிழிக்கிறது. இன்று மதியம் எங்கள் கெமிக்கல் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சின்ன கிரைண்டரில் அந்த ஓரத்தைத் தேய்த்தேன். அரை மில்லி என்று நினைத்தேன். ஒன்றரை போயிருக்கிறது. இப்போது கிழிக்கவில்லை, பேசினால் மேல்வரிசை மொத்தமும் கீழே இறங்குகிறது. நாக்கால் முட்டுக் கொடுத்துக்கொண்டே பேசுகிறேன். பம்புக்கு பேரிங் மாற்றத் தெரிந்தவன் தன் வாயைத் தானே கெடுத்துக்கொண்டான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஆலப்பாக்கம் தாண்டி, விளக்கில்லாமல் நின்ற கரும்பு டிராக்டரில் பைக்கை விட்டேன். மேலே பாதிப் பல் அன்றைக்கே போனது, மீதி அடுத்த வருடத்துக்குள். வயது முப்பது. அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். வைகாசியில் பூ வைத்து நிச்சயம் செய்த வெண்மதிக்குத் தெரியாது.

ஜூன் 29, ஞாயிறு

சிதம்பரம். வெண்மதி வீட்டில் சாப்பாடு. அவள் அப்பா பொன்னுரங்கம் காலையிலேயே பிச்சாவரம் போய் நண்டு வாங்கி வந்திருந்தார். ஒரு கொடுக்கை எடுத்து என் இலையில் வைத்தார்.

“கடிங்க மாப்ள. வயசுப் புள்ள, கல்லையே கடிப்பீங்க.”

“நண்டு எனக்கு ஒத்துக்காது மாமா. அலர்ஜி.”

“அடடா. எறா?”

“அதுவும்தான்.”

இறால் ஏன்? இறால் மெத்தென்றுதானே இருக்கும்! வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். வெண்மதி நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். ரசம் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

சிதம்பரத்தில் பல் டாக்டர் இளவரசியைப் பார்த்தேன். கழற்றாமல் நிலையாக நிற்கும் பல் வேண்டும், அதுவும் தை மாதக் கல்யாணத்துக்கு முன்னால் வேண்டும் என்றேன். அவர் முதலில் செட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இத யாரு தேய்ச்சது?”

“நாந்தான்.”

“உங்க கம்பெனி பம்ப நான் வந்து கழட்டட்டுமா?”

செட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

“ராத்திரி கழட்டி வைப்பீங்களா?”

“இல்ல.” ஹாஸ்டல், மேன்ஷன், கூட்டு அறை. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஐந்து வருடமாகப் போட்டபடியே தூங்குகிறேன்.

ஸ்கேனைத் திரையில் காட்டினார். இரவும் பகலும் அழுத்தி அழுத்தி முன்பக்க எலும்பு கரைந்துவிட்டதாம். இம்ப்ளான்ட் திருகு பிடிக்க அங்கே இடமே இல்லை. முதலில் எலும்புத் தூள் வைத்துத் தைக்க வேண்டும். அது ஊற ஆறு மாதம். பிறகு இம்ப்ளான்ட், அது பிடிக்க நான்கு மாதம். அதன்மேல்தான் பல். தையல் போட்டதும் மூன்று வாரம் செட்டைப் போடவே கூடாது.

பத்து மாதம்! கல்யாணம் ஏழாவது மாதத்தில் வருகிறது.

ஜூலை 12, சனி

புதுச்சேரியில் வேறு ஒரு கிளினிக். கண்ணாடிக் கதவு, காபி மெஷின். “மூணே நாள் சார். வெள்ளிக்கிழமை வாங்க, ஞாயித்துக்கிழமை கரும்பு கடிங்க” என்றான் வரவேற்பில் இருந்தவன். எலும்பு எத்தனை மில்லி இருந்தால் போதும் என்று டாக்டரிடம் கேட்டேன். “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்.”

முன்பணம் கட்டிவிட்டேன். ஆகஸ்ட் 22, வெள்ளி. முடிந்தது விஷயம். வெண்மதிக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

ஜூலை 15

பாத்துக்கறோம் என்றால் என்ன பதில் அது? நான் கேட்டது ஓர் எண்.

ஜூலை 21, திங்கள்

புது பம்புக்கு அடித்தளம் போட்டு, போல்ட் நட்டு, சிமென்ட் கலவை ஊற்றியது சனிக்கிழமை. இன்று காலை காண்டிராக்டர் பழனிவேல் பம்பை ஏற்றி ஓட்டிப் பார்க்கத் தயாராக நிற்கிறார்.

“தட்டிப் பாருங்க சார், கல்லு மாதிரி இருக்கு.”

“மேல காஞ்சா போதுமாய்யா? உள்ள பச்சையா இருக்கு. இப்ப ஓட்டுனா போல்ட்டு ஆடும், அப்புறம் ஜென்மத்துக்கும் நிக்காது. ஏழு நாள் ஆகாம எவனும் கை வைக்கக் கூடாது!”

கத்தின கத்தில் செட் உதடுவரை வந்துவிட்டது. இருமுவதுபோல் கையை வைத்து மூடிக்கொண்டேன்.

பழனிவேல் முனகியபடி போனார். நான் கேன்டீனில் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பம்புக்கு ஏழு நாள் கொடுக்கிறேன். என் தாடைக்கு?

ஆனாலும் புதுச்சேரி தேதியை ரத்து செய்யவில்லை. தை, தை என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று நடந்ததை இப்போதே எழுதிவிடுகிறேன்.

ஆண்டுப் பராமரிப்புக்காக ரியாக்டரை, ரசாயனம் கலக்கும் பெரிய தொட்டியை, நிறுத்தியிருக்கிறோம். உள்ளே நைட்ரஜன், மூச்சு விட முடியாது. காற்று முகமூடி போட்டுத்தான் இறங்க வேண்டும். பாதுகாப்பு அதிகாரி தேவசகாயம் பட்டியலைப் படித்தார். “கண்ணாடி? கழட்டற பல்லு?” சுற்றிலும் எட்டுப் பேர். “இல்ல” என்றேன்.

உள்ளே ஐந்தாவது நிமிடம், குனிந்து ஒரு போல்ட்டை நெம்பினேன். செட் கழன்று அடிநாக்குக்கு, தொண்டை வாசலுக்குப் போய்விட்டது. குமட்டல். மூச்சு போகவில்லை. கை தானாக முகமூடியின் வாரைப் பிடித்தது — பிடித்தேவிட்டேன் — எது தடுத்தது? தெரியவில்லை. இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தேன். மேலே தூக்கினார்கள்.

வெளியே முகமூடியைப் பிடுங்கியதும் பல்செட் இரும்புத் தட்டில் போய் விழுந்தது. ஃபிட்டர் சிங்காரம் அதை எடுத்து, பாட்டில் தண்ணீரில் கழுவி, என் கையில் கொடுத்தார்.

தேவசகாயம் கத்தினார். “யோவ், உள்ளயே முகமூடிய கழட்டியிருந்தா ரெண்டு மூச்சு. அவ்ளோதான். பொணத்துக்கு எதுக்குய்யா பல்லு?”

ஆகஸ்ட் 7

சிங்காரம்: “சார், இனிமே கோவம் வந்தா மொதல்ல சொல்லிடுங்க. ஒதுங்கி நின்னுக்கறோம்.” ஒர்க்‌ஷாப் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

சிங்காரத்தின் மச்சினி வீடு சிதம்பரம், அதுவும் வெண்மதி பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெரு. யாராவது சொல்வதற்குள் நான் சொல்லியாக வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜூஸ் கடை. ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். டிராக்டர், செட், ரெண்டு டாக்டர், ரியாக்டர், எல்லாம்.

“அப்ப எறா?” என்றாள்.

“அது... பொய்.”

“அதுக்கு முந்தி ஓட்டல்ல எறா தொக்கு ரெண்டாவது தடவ கேட்டு வாங்குனீங்களே, அலர்ஜின்னதுமே எனக்கு சந்தேகம். அப்பா சொந்தக்காரங்க எல்லார்ட்டயும் மாப்ளைக்குக் கடல் அயிட்டமே ஆகாதுன்னு சொல்லிட்டாரு. மறுவீட்டு விருந்துல மீனையே நிறுத்தியாச்சு, தெரியுமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

“எப்ப சொல்றதா இருந்தீங்க?”

உண்மையைச் சொன்னேன். “சொல்றதா இல்ல.”

ஜூஸைத் தொடாமல் எழுந்து, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 12

போன் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அம்மா: “உன்ன யாருடா வாயத் தொறக்கச் சொன்னா? தாலி கட்டுறவரைக்கும் சும்மா கெடந்தா என்ன?” பதிலுக்குக் கத்தினேன். பிறகு ரெண்டு பேருமே சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 20

புதுச்சேரிக்கு போன் செய்து தேதியைத் தள்ளிப் போட்டேன். ரத்து இல்லை. ஏன் ரத்து செய்யவில்லை? அவள் வேண்டாம் என்றுவிட்டால் யாருக்காக இந்த அவசரம்? அவசரமே இல்லை என்றால் எந்த டாக்டர்? சுற்றிச் சுற்றி அதே இடம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வெண்மதியின் போன்.

“ரெண்டு டாக்டர்ல எது?”

“இன்னும் முடிவு பண்ணல.”

“பண்ணுங்க. எனக்குக் காட்டறதுக்காக மூணு நாள்ல எதையாச்சும் மாட்டிக்கிட்டு வராதீங்க.”

“அப்ப தையில செட்டோடதான் மணமேடையில உக்காரணும். தெனம் ராத்திரி கழட்டி வேற வைக்கணும்னு டாக்டரம்மா சொல்றாங்க.”



“கழட்டி வைங்க. அப்பாகிட்ட எறா விஷயத்த மட்டும் நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.”

செப்டம்பர் 1

புதுச்சேரி ரத்து. முன்பணம் திரும்பாதாம். போகட்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மாமாவிடம் சொன்னேன். விபத்தை, செட்டை, எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டார். கடைசியில், “சரி மாப்ள. நண்டுன்னா ஓடு கெட்டி. எறா என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார். முகத்தில் சிரிப்பில்லை. கோபம் இருக்கிறது. இருக்கட்டும், நியாயம்தான்.

அக்டோபர் 11, சனி

எலும்பு வைத்தாயிற்று. ஒன்றரை மணி நேரம். முகம் பூசணிக்காய். டாக்டர் இளவரசி செட்டை ஒரு டப்பாவில் போட்டுத் தானே வைத்துக்கொண்டார். “உங்களுக்கும் கிரைண்டருக்கும் நடுவுல இத விட மாட்டேன்.”

அக்டோபர் 20

தீபாவளி. அதிரசத்தைப் பாலில் ஊறவைத்துக் குடித்தேன். தின்றேன் என்று எழுத முடியாது.

அக்டோபர் 26, ஞாயிறு

நேற்றுத் தையல் பிரித்தார்கள். செட்டுக்கு இன்னும் ஒரு வாரம். கல்யாணப் போட்டோவுக்கு பிச்சாவரத்தில் படகு பேசி வைத்திருந்தது இன்றைக்கு. மழை பிடிப்பதற்குள் வேறு நாள் கிடைக்காது. தள்ளிப் போடு என்றாள் அம்மா. வெண்மதி, “வாங்க, பாத்துக்கலாம்” என்றாள்.

மேலுதடு உள்ளே மடிந்து, அறுபது வயதுக்காரன் மாதிரி இருக்கிறேன். படகில் வாயை இறுக்கி மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போட்டோகிராபர் விடவில்லை. “சார், பல்லு தெரியற மாதிரி சிரிங்க. கல்யாண மாப்ள சார் நீங்க.” ஒரு முறை, இரண்டு முறை, நான்கு முறை. கையால் வாயை மறைத்தேன். வெண்மதி என் கையைப் பிடித்து இறக்கினாள்.

“மேல பல்லு இல்லண்ணா அவருக்கு. அப்படியே எடுங்க.”

படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டார். போட்டோகிராபருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை; கேமராவுக்குள் பார்த்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. எடுத்துவிட்டார்.

அக்டோபர் 29, புதன்

படங்கள் வந்தன. நாற்பதில் முப்பத்தொன்பதில் நான் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கிறேன். மண்டப வாசல் பேனருக்கு அந்த நாற்பதாவதுதான் என்கிறாள் வெண்மதி. காலையிலிருந்து மூன்று முறை வேண்டாம் என்றேன்.

பத்தடிக்கு எட்டு. அளவையும் அந்தப் படத்தையும் சாயங்காலம் பேனர் கடைக்கு நானே அனுப்பினேன்.