விட்டுப் படித்த வரி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா சாப்பிடுகிறாளா? போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். அவள் தூங்கும்போது படியுங்கள்.

இங்கே அச்சகத்தில் என் வேலை ஆராய்ச்சிக் கட்டுரைகளை வாய்விட்டுப் படிப்பது. கமா, புள்ளியெல்லாம் சொல்லி நான் மூலப்பிரதியைப் படிப்பேன். எதிரே இருக்கும் அக்கா அச்சுத்தாளில் பிழை திருத்துவார். அர்த்தம் புரியாவிட்டாலும் பரவாயில்லை என்பதால், பள்ளியை நிறுத்திய எனக்கு இது வசதி.

நேற்று ஒரு டாக்டரின் கட்டுரை வந்தது. தலைப்பே அம்மாவின் நோய்தான். நோய் முற்றி ஆபரேஷன் செய்ய முடியாமல் போனவர்களில் பெரும்பாலோர் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை என்று ஒரு வரி. அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

"ஏய் ஊமைக்கோட்டான், ஒரு வரிய முழுங்கிட்டியே. இங்க இருக்கே," என்றார் அக்கா.

"தொண்டை கட்டிக்கிச்சுக்கா."

"தண்ணி குடிச்சிட்டுப் படி."

குடித்துவிட்டு, கடைசிப் புள்ளி வரை படித்தேன். அந்த வரியில் பிழை ஒன்றும் இல்லை என்று அக்கா டிக் போட்டார்.

அம்மாவுக்கு ஆபரேஷனே வேண்டாமாம் என்று நீங்கள் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன் அப்பா.

அம்மா கட்டிய பழைய புடவை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். என் போர்வை மெல்லிசு. இல்லை, அனுப்ப வேண்டாம். லீவு கேட்க எனக்கு வாய் வராது, முதலாளியிடம் நீங்களே போனில் சொல்லிவிடுங்கள். அம்மா என்னைத் திட்டுகிற தெம்போடு இருக்கும்போதே வந்துவிடுகிறேன்.

அக்கா கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்