செருப்பு பற்றிய தீர்மானம்

ஞாயிறு இரவு, காரைக்குடி.

எங்கள் ஜெபக்கூட்டம் இன்று வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது: இனிமேல் செருப்புகளை வாசலில் விடாமல் அடுப்படியில் வைப்பது. போன வாரம் நாங்கள் பாடிக்கொண்டிருந்தபோது தெரு இளவட்டங்கள் எல்லாவற்றையும் அள்ளி வாசலுக்கு எதிரே இருக்கிற ஊருணியில் எறிந்துவிட்டார்கள்.

பாஸ்டர் ஜெபிக்கத் தொடங்கியதும், கூட்டம் நடத்த எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் வந்தார். காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. தெருவில் அவரை அவ்வளவு நெருக்குகிறார்கள். இதை விட்டால் இந்த ஊரில் எங்களுக்கு யாரும் வீடு தரமாட்டார்கள். ஆனாலும் சாமி கும்பிடுகிறவர்களை இடைமறிக்க அவருக்கு மனம் வரவில்லை, கைகட்டி நின்றார். பாஸ்டரின் ஜெபம் எப்போதும் நீளம். இன்றுதான் முதன்முறையாக அதற்காக நன்றி சொன்னேன்.

ஆமென் வந்ததும், "தப்பா நெனைக்காதீக பாஸ்டரு..." என்று ஆரம்பித்தார். வெளியே சிரிப்புச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தார். வாசலில் அவர் கழற்றிவிட்டிருந்த செருப்பு ஊருணியில் மிதந்தது. வாசலில் இருந்தது அது ஒன்றுதான்; எங்களுடையதெல்லாம் தீர்மானப்படி அடுப்படியில் இருந்தன.

"என் வீட்டு வாசல்ல என் செருப்பையாடா?" என்று கத்தினார். எங்களிடம் திரும்பி, "நீங்க எங்குட்டும் போக வேணாம். இங்கனயே கும்பிடுங்க. எவன் வாரான்னு பாக்குறேன்" என்றார்.

கர்த்தர் கைவிடமாட்டார் என்று வாரந்தோறும் பாடுகிறோம். கர்த்தர் கைவிடவில்லை. தூதர்களை அனுப்புவார் என்று நான் காத்திருந்தேன். அந்த இளவட்டங்களே போதும் என்று நினைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் பாஸ்டரின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். பாஸ்டர் வெறுங்காலோடு தேவகோட்டை பஸ் ஏறினார்.