குனிங்கா என்னும் சொல்லும் கலஞ்சேந்தனாரின் இரண்டு உரைகளும்

ஏரிகள் நிறைக, கரைகள் காக்க. பின்னேரி நாடுடைய குனிங்கா, பனிக்காவலர் மரபில் வந்த ஆரலங்கோதை, ஒல்லங்கரை வேந்தரின் அவைப்புலவர் கலஞ்சேந்தனார்க்கு விடுக்கும் ஓலை. உம் நாட்டு மரக்கலங்கள் நலமே கரை சேர்க, குடிகள் தழைக்க. உம்மை நலம் வினவ எம் நா எழவில்லை.

அரசரை உம்மவர் கோனிங் என்பதும் எம்மவர் குனிங்கா என்பதும் எவ்வாறு நேர்ந்ததென, வேறெதிலும் ஒவ்வாத இரு மொழிகளுக்குள் இவ்வுறவு எங்கிருந்து வந்ததென ஆராயவே நீர் எம் நாடு புகுந்தீர். எம் இளவல் பொழில்நம்பி தன் மனையில் உமக்கு இடமளித்து, ஏரிக்குடிகளிடம் உடன் அழைத்துச் சென்று, எம் மொழியை உம் நாவில் பழக்கினான். ஆய்வு முடிந்த அன்று, உம் முன்னோர் உப்பேற்றி வந்த நாளில் இச்சொல்லும் வணிகத்தோடும் மணவினையோடும் வந்து சேர்ந்ததென்று எம் அவையில் விளக்கினீர். "கொடுத்த நாங்கள் அதன் ஈற்றைத் தேய்த்துவிட்டோம், பெற்ற நீங்களே பெற்றபடி காத்தீர்கள்" என்றீர். அவை மகிழ்ந்தது.

உம் வேந்தரிடம் நீர் உரைத்ததோ வேறு. அரசன் என்னும் சொல்லையே நம்மிடம் பெற்றவர்க்கு அதற்குமுன் அரசனே இருந்ததில்லை, ஆதலின் அவர் நமக்குத் திறை செலுத்தக் கடவர் என்றீராம்.

உம் போர்க்கலங்கள் எம் நீரிணையில் வந்து நின்றபோதும் பொழில்நம்பி அதை நம்பவில்லை. எங்கோ பொருள் மயங்கியிருக்கும், நண்பரைக் கண்டு பேசினால் தீரும் என்று எம்மைத் தேற்றி, படைக்கலமின்றி ஓடமேறினான். கலத்தின் மேல்தட்டில் நீர் நின்றிருந்தீர். உம் பெயர் சொல்லி உம் மொழியிலேயே அழைத்தான் என்று ஓடக்காரர் கூறினர். விடையாக அம்பே வந்தது.

சொல்லைப் பெற்றோம் என்பதை யாம் மறுக்கவில்லை. உம் மாலுமிகளும் பனிக்கட்டிக்கு எம் சொல்லையே வழங்குகின்றனர். அதன்பொருட்டு உம் கடலை யாம் கேட்டதில்லை. அறியாது பிழைபட உரைத்திருந்தால் பொறுத்திருப்போம். நீரோ மெய்யைக் கண்டவர், கண்டபின் விற்றவர்.

திறை இல்லையென்று உம் வேந்தர்க்குத் தனியோலை செல்கிறது. உமக்கு எம் ஆணை இது: எம் அவையில் கூறியதை உம் அவையில் எழுந்து கூறுக. அதனால் உம் உயிர்க்கு இறுதி நேரக்கூடும் என்பதை அறிவோம். நேரின், உம் உடலைக் கேட்டுப் பெற்று எம் இளவலின் அருகே அடக்குவோம். கூறாது வாழத் துணிந்தால், எம் மொழியில் ஒரு சொல்லும் இனி உம் வாயால் பேசற்க.

ஏரி உறையினும் உருகினும் இவ்வாணை நிற்பதாகுக. அன்ன இலச்சினை இட்டு, எம் கையால் கட்டியது.