பதினேழாம் பாத்தியில் பதினொரு சென்டிமீட்டர்

ஜூலை 3, வியாழன்

பள்ளிக்குப் பின்னால், சைக்கிள் கொட்டகைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள மண் துண்டு இன்று முதல் எங்களுடையது. நான் பாடம் எடுக்கும் நான்காம் வகுப்பில் இருபத்திரண்டு பேர். கயிறு கட்டி இருபத்திரண்டு பாத்தி, பாத்திக்கு ஒரே ஒரு அவரை விதை. விதி ஒன்றுதான்: நோட்டில் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது.

தலைமையாசிரியைக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. "செடி எப்படி முளைக்கும்னு புத்தகத்துலயே படம் போட்டிருக்கு. அதுக்கு எதுக்கு வெயில்ல நிக்கணும்?" கல்வி அதிகாரி வந்து பார்த்து வேண்டாம் என்றால் வெளிவகுப்பு ரத்து.

ஜூலை 9, புதன்

பதினான்கு முளைத்துவிட்டன. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஐந்தாம் வகுப்பு ஜன்னலைச் சாத்திக்கொண்டது.

ஜூலை 14, திங்கள்

இருபத்தொன்று வந்தாயிற்று. பதினேழாம் பாத்தி மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறது. அது ஜட்ஜம்மாவுடையது. எதற்கெடுத்தாலும் சாட்சி கேட்பாள் என்பதால் வகுப்பு வைத்த பெயர். தினமும் "0 செ.மீ." என்று முத்து முத்தாக எழுதுகிறாள். அழவில்லை. அழுதால்கூடத் தேவலை.

அதிகாரி வியாழன் வருகிறார்.

ஜூலை 15, செவ்வாய்

எல்லோரும் போன பிறகு பதினேழைத் தோண்டி, வீட்டு ஜன்னலில் தம்ளரில் நான் வளர்த்த அவரைச் செடி ஒன்றை அங்கே நட்டேன். பழைய மண்ணை இலைக் குப்பையில் கொட்டினேன்.

ஜன்னலில் ஒரு தம்ளர் காலியாக இருப்பதைப் பார்த்து வீட்டுக்காரர் விசாரித்தார். உதவி என்றேன்.

"நான் ஆபீஸ்ல இப்படி உதவி பண்ணா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

ஜூலை 16, புதன்

ஜட்ஜம்மா ரொம்ப நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை அளந்தாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"பார்த்ததை மிஸ்."

ஜூலை 17, வியாழன்

அதிகாரி நோட்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்து பதினேழில் நின்றார். உரக்கப் படித்தார்: "செவ்வாய் 0. புதன் 11 செ.மீ. மற்ற செடிகளின் இலையில் தூசி இருக்கிறது, இதில் இல்லை. மண்ணில் செருப்புத் தடம். குதிகாலில் பூ வரைந்த செருப்பு."

தலைமையாசிரியை உட்பட அத்தனை பேரும் என் காலைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றேன். மானம் போனது. எதுக்குப் பண்ணேன்? அவளுக்காகவா? இல்ல — அதிகாரிக்காகத்தான். இந்த டைரியிலயாவது ஒத்துக்கணும்.

"பழைய விதை எங்கம்மா?" என்று அவர் கேட்டார். ஜட்ஜம்மா பென்சில் டப்பாவிலிருந்து ஈரக் காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். குப்பையில் தேடி எடுத்திருக்கிறாள். விதையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு நுனி.

"வேர் விட்டிருக்கு சார். தோண்டாம இருந்திருந்தா வந்திருக்கும்."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

ஜூலை 18, வெள்ளி

என் செடியைப் பிடுங்கி என்னிடமே கொடுத்துவிட்டாள். விதையைத் திரும்ப நட்டு, சுற்றிக் கூழாங்கல் அடுக்கியிருக்கிறாள். நான் நிற்கும் பக்கம் மட்டும் இரண்டு வரிசை.

ஜூலை 22, செவ்வாய்

கடிதம் வந்தது. "பிள்ளைகள் நன்றாகக் கவனிக்கிறார்கள். வெளிவகுப்பு ஆண்டு முழுவதும் நடக்கலாம். ஆசிரியை செடிகளைத் தொடாமல் இருப்பது நல்லது." கடைசி வரியைத் தலைமையாசிரியை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

வகுப்பு பிழைத்தது. அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஜூலை 25, வெள்ளி

பதினேழில் மண்ணைத் தள்ளிக்கொண்டு, முதுகை வளைத்து, ஒரு தண்டு. நான் கல்லுக்கு வெளியிலேயே நின்றேன். ஜட்ஜம்மா அளந்தாள், எழுதினாள், பிறகு ஸ்கேலை என்னிடம் நீட்டினாள்.

"ஒருத்தர் மட்டும் அளந்தா நம்ப முடியாது மிஸ். நீங்களும் பாருங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு, செடியில் படாமல் அளந்தேன். எனக்கும் ஒன்றரைதான் வந்தது. நோட்டில் அதற்குப் பக்கத்தில் "சரிபார்த்தவர்: மிஸ்" என்று எழுதிவிட்டுக் கையெழுத்து கேட்டாள். போட்டேன்.