பெடலுக்கு நாலு மார்க்

மார்ச் 4, செவ்வாய்

மூன்று வண்டிகளின் சாவிகளும் வந்துவிட்டன. கறுப்பு, வெள்ளை, பச்சை. பத்திரிகை ஆசிரியர் மேசையில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, சமைத்ததை ருசி பார்க்கச் சொல்பவர் மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கறுப்புதான் புதுசு. அறுநூறு குதிரைசக்தி, இரண்டரை டன் எடை, நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட நாலே நொடி. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வர இவ்வளவு எதற்கு என்று நான் கேட்கக் கூடாது. கேட்டால் எனக்கு வேலை இருக்காது. வெள்ளை, சோபாவுக்குச் சக்கரம் வைத்தது. பச்சை மூன்று வருடமாக எங்கள் பத்திரிகையில் முதலிடம். அந்த இடத்தைக் கொடுத்தவன் நான்தான்.

வேகம், தூரம், எரிபொருள் எல்லாவற்றையும் கருவி அளந்துவிடும். பிரேக் பெடல் எப்படி இருக்கிறது என்பதற்கு மட்டும் மார்க் போடுவது என் வலது கால். பத்துக்கு எத்தனை என்று நான் சொன்னால் சொன்னதுதான். பதினாறு வருட வழக்கம். அடி மெலிந்த கான்வாஸ் ஷூ, சாக்ஸ் கிடையாது. "அண்ணனுக்கு மூளை கால்ல இருக்கு" என்று அலுவலகத்தில் சொல்வார்கள். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொள்வேன்.

மார்ச் 5, புதன்

நகரத்துக்குள் மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டியாயிற்று. நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டே வந்தாள். ஒன்பது வருடமாக அந்த இருக்கை அவளுடையது. யார் எதைக் கேட்டாலும் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத்தான் தலை நிமிர்வாள், அதனால் வந்த பெயர். வீட்டில் வைத்த பெயரை அவளே மறந்திருப்பாள்.

வெள்ளையில் பள்ளம் மேடு தெரியவில்லை, ஆனால் திருப்பத்தில் மூட்டை மாதிரி சாய்கிறது. பச்சைக்கு ஸ்டியரிங் இன்னும் அருமை, பின்சீட்தான் சிறைச்சாலை. கறுப்பு இரண்டையும் ஓரங்கட்டுகிறது. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு சந்துக்குள் பூனை மாதிரி நுழைகிறது. ஆனால் பிரேக் பெடல் - என்னவோ சரியில்லை. பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். கால் எங்கே தொடுகிறது, எங்கே பிடிக்கிறது, ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி உள்ளே நடந்தேன். "தரையெல்லாம் என்னங்க இது?" என்றாள் என் மனைவி. வலது பாதம் வைத்த இடமெல்லாம் ரத்தப் பொட்டு. கட்டைவிரலுக்குக் கீழே, சதைப்பற்றில், ஒரு குண்டூசி. அலுவலக அறிவிப்புப் பலகையில் குத்துவோமே, தட்டையான தலை வைத்தது. ஷூவின் அடியைத் துளைத்துக்கொண்டு ஏறியிருக்கிறது. காலையில் அந்தப் பலகை அருகே நின்று காபி குடித்தேன். அப்படியென்றால் நாள் முழுக்க அதோடுதான் ஓட்டியிருக்கிறேன்.

"வலிக்கலயா?"

"வேலை மும்முரத்துல தெரியல."

அவள் நம்பவில்லை. எனக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை. மாத்திரையை நான் எத்தனை நாள் மறக்கிறேன் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் 6, வியாழன்

டாக்டரிடம் போகச் சொல்லி நச்சரிக்கிறாள். சோதனை ஓட்டம் முடியட்டும் என்றேன்.

மார்ச் 8, சனி

பழைய விமான ஓடுதளத்தில் பிரேக் சோதனை. நூறிலிருந்து பூஜ்யம், ஒவ்வொரு வண்டிக்கும் பத்துத் தடவை. பச்சை முப்பத்தெட்டு மீட்டரில் நின்றது. வெள்ளை நாற்பது. கறுப்பு முப்பத்தைந்து, பத்தாவது தடவையும் அதே முப்பத்தைந்து. அந்த எடைக்கு அது அநியாயம்.

பெடல் உணர்வு: பச்சைக்கு ஏழு, வெள்ளைக்கு ஆறு, கறுப்புக்கு நாலு.

நிமிஷம் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"அண்ணா, நாலா? மீட்டர்ல இதுதானே முதல்ல நிக்குது."

"மீட்டருக்குக் கால் இருக்கா? பெடல்ல உயிரே இல்ல. எழுது."

எழுதினாள். பிறகு மெதுவாக, "பச்சைக்குப் போன வருஷம் ஒம்பது குடுத்தீங்க. அதே வண்டிதான்" என்றாள். அவள் எப்போதும் இப்படித்தான், பழைய நோட்டைத் தலைக்குள்ளேயே வைத்திருப்பாள். எரிச்சலாக இருந்தது. ஏன் எரிச்சல் வந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

வீட்டில் இவள் விடவில்லை, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் என்னைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். கையில் மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு துண்டு நைலான் இழை. "காலைத் தொடுவேன். தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க."

இடது காலில் மூன்று தடவை 'ம்' சொன்னேன். பிறகு வலது காலை ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். மின்விசிறி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இவள் மூக்கை உறிஞ்சினாள். எதற்கு உறிஞ்சுகிறாள் என்று நினைத்தேன்.

"கண்ணைத் திறங்க. முடிஞ்சிருச்சு" என்றார் டாக்டர்.

"வலது கால்?"

"பத்து இடம் தொட்டேன். ஒண்ணுகூட நீங்க சொல்லல."

நரம்பு போய்விட்டதாம். போனது திரும்பாதாம். புண்ணும் ஆழமாக இருக்கிறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வரவேண்டும். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இனி ஓட்டாதீங்க. சொந்த வண்டியும் வேணாம்."

வீட்டுக்கு வரும் வழியில் இவளிடம், அலுவலகத்தில் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றேன். சரி என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

நாலு மார்க். வண்டிக்கா, எனக்கா?

மார்ச் 12, புதன்

சொல்லத்தான் ஆசிரியர் அறைக்குப் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார். நாலு மார்க் விஷயம் கறுப்பு வண்டிக் கம்பெனிக்கு எட்டிவிட்டது, குதிக்கிறார்கள். "ஈரத் தரையில இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க. உங்க கால் சொன்னா அவங்க அப்புறம் பேச முடியாது. வெள்ளிக்கிழமை வச்சுக்கலாம்."

உங்க கால் சொன்னா. சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் இந்தக் காலைத் தவிர எனக்கு என்ன தெரியும்? இந்த ஒரு தடவை, கவனமாக, மெதுவாக. அதற்குப் பிறகு சொல்லிவிடலாம்.

சரி என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

எழுதியே ஆகவேண்டும்.

தண்ணீர் லாரி ஓடுதளத்தை நனைத்தது. நிமிஷம் வழக்கம்போல் பக்கத்தில். நூறைத் தொட்டதும் "இப்ப" என்றாள். மிதித்தேன். வண்டி நிற்பதற்குப் பதில் சீறியது. பிரேக் பிடிக்கவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக மிதித்தேன். இன்னும் சீறியது. கால் ஆக்சிலரேட்டரை விட்டு வரவே இல்லை. வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பாதம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணால் குனிந்து பார்த்தால்தான் தெரியும். குனிந்து பார்க்க ஏது நேரம்.

ஓடுதள முனையில் அடுக்கியிருந்த டயர்கள், அதற்குப் பின்னால் கான்கிரீட். மோதியது அவள் பக்கம்.

"அண்ணா" என்று ஒரு தடவைதான் சொன்னாள்.

எனக்கு நெற்றியில் ஒரு கீறல். அவ்வளவுதான், எனக்கு அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

நிமிஷத்துக்கு இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிவு, இடது முழங்கை நொறுங்கிவிட்டது. ஆறு மணி நேர அறுவை. நடப்பாள், ஆனால் பழையபடி நடக்கமாட்டாள் என்கிறார்கள்.

அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தப்பிச்சீங்களே, அது போதும்ப்பா" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆசிரியர் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார். "நீங்க அன்னிக்கே சொன்னீங்க, பெடல்ல உயிர் இல்லனு. நோட்ல தேதியோட இருக்கு. இவனுங்கள விடக் கூடாது."

தலையை ஆட்டினேன். ஏன்டா ஆட்டினாய்?

மார்ச் 17, திங்கள்

வியாழக்கிழமை கம்பெனி இன்ஜினியர் வந்து வண்டியின் ஞாபகப் பெட்டியைப் படிக்கப்போகிறார். எந்த நொடியில் எந்த பெடல் எவ்வளவு அமுங்கியது, எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ஆசிரியர் அதற்கு முன்பே அடுத்த இதழின் அட்டையைத் தயார் செய்துவிட்டார்: 'நிற்க மறுத்த கறுப்பு'.

நிமிஷம் படுத்த படுக்கையிலேயே வாக்குமூலம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஆசிரியர் காட்டினார். 'அவர் பிரேக்கை மிதித்தார். அவருடைய முழங்கால் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் அவர் கால் ஒருமுறை கூடத் தவறியதில்லை.' கையெழுத்து கோணலாக இருந்தது, ஆனால் நேரத்தை மட்டும் நொடி வரை எழுதியிருக்கிறாள்.

வீட்டில் இவள் அதைக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லவா?" என்றாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதோடு சாப்பாட்டை வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

மார்ச் 19, புதன்

சொல்லிவிட்டேன். இன்ஜினியர் வாயிலிருந்து நிமிஷம் கேட்கக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கட்டைக் காட்டினேன். குண்டூசி, நைலான் இழை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"டாக்டர் எப்ப சொன்னாரு?"

"போன வாரம் திங்கக்கிழமை."

"வெள்ளிக்கிழமை காலையில என்னை ஏறச் சொன்னீங்க."

"ஆமா."

"நான் கதவைத் திறந்து ஏறி, பெல்ட் போட்டு, நோட்டை எடுத்து வச்சேன். 'ரெடியா அண்ணா'னு கேட்டேன். நீங்க 'ரெடி'னு சொன்னீங்க."

"ஆமா."

அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த வாக்குமூலத்தை வாங்கிக் கிழிச்சிடுங்க. நான் பொய் எழுதினதா இருக்கக் கூடாது" என்றாள். சற்றுக் கழித்து, "வெளிய போங்க அண்ணா" என்றாள்.

அப்போதும் அண்ணா என்றுதான் சொன்னாள்.

மார்ச் 20, வியாழன்

பிரேக்: பூஜ்யம். ஆக்சிலரேட்டர்: நூற்றுக்கு எழுபத்தொன்று, பிறகு நூறு. இன்ஜினியர் ஒரு தாளில் அச்சடித்து மேசைமேல் வைத்தார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். எக்காளம் எதுவும் இல்லை. ஆசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. நான் முந்தின நாளே எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பின்னால் யாரும் வரவில்லை.

அதில் மார்க் பற்றியும் எழுதியிருக்கிறேன். மூன்று வண்டிக்கும் நான் போட்டதை அடித்துவிடுங்கள் என்று.

ஏப்ரல் 2, புதன்

கட்டு மாற்றும்போது நர்ஸ் மூக்கைச் சுளித்தார். விபத்து, ஆஸ்பத்திரி, அலைச்சல் என்று பத்து நாள் நான் கட்டே மாற்றவில்லை. கட்டைவிரல் கறுத்துவிட்டது. எனக்கு வலிக்கவில்லையே என்று சொன்னேன், ஏதோ அது நல்ல செய்தி மாதிரி.

ஏப்ரல் 5, சனி

இரண்டு விரல் எடுத்தாயிற்று.

மே 22, வியாழன்

நிமிஷம் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவள் அம்மா நின்றார். உள்ளே ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. "தூங்குறாப்பா" என்றார் அம்மா. சரிம்மா என்று திரும்பிவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

புது இதழ் தபாலில் வந்தது. வேறு பத்திரிகையிலிருந்து வந்த ஒருவர், நொறுங்கிய கறுப்புக்குப் பதில் இன்னொன்றை வரவழைத்து, மூன்று வண்டியையும் மறுபடி ஓட்டியிருக்கிறார். பச்சை இரண்டாவது, வெள்ளை மூன்றாவது, கறுப்பு முதலிடம். கறுப்பின் பெடலுக்கு ஒன்பது மார்க். 'இவ்வளவு நுணுக்கமாகக் காலோடு பேசும் பெடலை நான் இதற்கு முன் மிதித்ததில்லை' என்று எழுதியிருக்கிறார். நேர்மையான எழுத்து. ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து குறித்தவர் பெயர் கீழே இருக்கிறது, எனக்குத் தெரியாத பெயர்.

சாயங்காலம் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. எங்கள் சின்ன வண்டியை இவள் ஓட்டினாள். ஓட்டக் கற்று மூன்று வாரம்தான் ஆகிறது, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விடுகிறாள். நான் பக்கத்து இருக்கையில். சிக்னல் சிவப்பானது, முன்னால் போன பேருந்து சட்டென்று நின்றது, என் வலது கால் தானாகவே அழுத்தி மிதித்தது. வண்டி மெல்லக் குலுங்கி நின்றது.

நன்றாகப் பிடிக்கிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தபோதுதான் என் காலுக்குக் கீழே வெறும் தரை என்று தெரிந்தது. நிறுத்தியவள் இவள்.

"என்னங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பச்சை விழுந்திருச்சு, போ."