துத்தநாகத்துக்கு அடித்த நீலப் பெயிண்ட்

மார்கரீட்டா தீவு, வெள்ளிக்கிழமை

என் தங்கமே நோரெலிஸ்,

பள்ளத்தாக்கு மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் பொத்தி வைத்திருக்கட்டும். சந்தியாகோ குளிரில் உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? நான் நலம், என் இடுப்பு என்னைவிட நலம், எம்பனாடா பொரித்து விற்பதைவிடத் தின்பது அதிகமாகிவிட்டதால் அது செழித்துக்கொண்டு போகிறது. மாதா திருவிழா முடிந்ததிலிருந்து ஊரில் மின்சாரம் இல்லை, போன் எல்லாம் செத்துக் கிடக்கிறது, அதனால்தான் உன் ஊருக்கு வரும் மைகுவாலிதாவின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவள் வாய் உனக்குத் தெரியும், கடிதத்தை நீ பிரிப்பதற்குள் செவ்வாய்க்கிழமை கதையைக் கை கால் வைத்துச் சொல்லிவிடுவாள், அவளை நம்பாதே, நடந்ததை நடந்த வரிசையில் நானே சொல்கிறேன்.

அன்று உன் அப்பா தனியாகத்தான் கடலுக்குப் போனார், கூப்பிட்ட யாரும் வரவில்லை, கடலின் முகம் சரியில்லை என்றார்கள். மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது, துணிந்து போயிருந்த சில படகுகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன, அவருடையது மட்டும் வரவில்லை. சாயங்காலம் மழையும் பிடித்துக்கொண்டது. இரண்டு பாறைக்கும் நடுவில் உள்ள வழி எவ்வளவு குறுகல் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் விளக்கும் ஐஸ் கிடங்கு விளக்கும் ஒன்றன் மேல் ஒன்றாக நேராகத் தெரிந்தால் உள்ளே வரலாம், கொஞ்சம் விலகித் தெரிந்தால் பாறைதான். கோயிலில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிவிட்டார்கள். கீழே ஐஸ் கிடங்கு வாசலில் அலை தெறித்து எந்தத் தீயும் நிற்கவில்லை. ஊரில் ஒரு டார்ச்சுக்குக்கூட பேட்டரி மிச்சமில்லை. இருட்ட ஆரம்பித்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்து ஒப்பாரிக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வந்தாள் எலோயினா, உனக்கு வேதியியல் எடுத்த அதே டீச்சர்தான். போன கிறிஸ்துமஸில் அவள் வாழையிலையில் கட்டி அவித்த அயாக்கா நனைந்த அட்டை மாதிரி இருக்கிறது என்று நான் ஊர் முழுக்கச் சொன்னதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. வந்தவள், “அழுதது போதும் எந்திரிடி, மயோனைஸ் ஜாடி எத்தனை இருக்கு, காடி எவ்வளவு இருக்கு” என்றாள். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். செத்துப்போன ஃப்ரிட்ஜிலிருந்து செம்புக் குழாயை அறுக்கச் சொன்னாள். கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகளின் அடியில், கடல் இரும்பைத் தின்னாமல் இதைத் தின்னட்டும் என்று முடுக்கி வைப்போமே துத்தநாகக் கட்டி, அதையெல்லாம் கழற்றச் சொன்னாள். ஒவ்வொரு ஜாடியிலும் கடல் தண்ணீரும் புளிப்புக் காடியும், அதில் ஒரு துத்தநாகம், ஒரு செம்பு, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல். ஒரு ஜாடியின் செம்பிலிருந்து அடுத்ததன் துத்தநாகத்துக்குக் கம்பி, ஒன்றின் பலம் போதாது, வரிசையாகச் சேர்த்தால்தான் டார்ச்சின் குட்டி விளக்கு எரியுமாம்.

கை வேலை செய்யச் செய்ய நான் கேட்டேன், இதில் எங்கிருந்து மின்சாரம் வரும் என்று. “துத்தநாகம் உன்ன மாதிரிடி ஒமைரா, ஒண்ணையும் உள்ள வெச்சுக்கத் தெரியாது. எலக்ட்ரானை வெளிய தள்ளிட்டுக் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். செம்புப் பக்கம் இருக்கிற காடி அதை வாங்கிக்கும். ஆனா எலக்ட்ரான் தண்ணிக்குள்ள நீந்திப் போகாது, கம்பி வழியாத்தான் சுத்திப் போகணும். அந்த வழியில விளக்கை வெச்சா, எரிச்சுட்டுப் போகும்” என்றாள். அப்படியென்றால் செம்பு நீயா என்றேன். “நான் வாயை மூடத் தெரிஞ்சவ, கம்பியைப் பிடி” என்றாள்.

எல்லாம் பூட்டியாகிவிட்டது, விளக்கு எரியவில்லை. கம்பியை இப்படி மாற்றினாள், அப்படி மாற்றினாள், ஒன்றுமில்லை. திடீரென்று ஒரு ஜாடியைக் கண்ணருகில் தூக்கிப் பார்த்து, “எந்தக் கழுதைடி துத்தநாகத்துக்கு நீல பெயிண்ட் அடிச்சது?” என்று கத்தினாள். யார் என்று சொல்வது? ஊர்வலத்துக்கு மாதாவைப் படகில் ஏற்றும்போது அடியில் சாம்பல் நிறத் திட்டு தெரியக்கூடாதென்று வருஷா வருஷம் எல்லோரும்தான் அடிக்கிறோம். பெயிண்டுக்குள் மூச்சுவிடாமல் கிடந்தால் அது எதை எங்கே தள்ளும்? மீன் செதில் சீவும் கத்தி, என் எம்பனாடாக் கரண்டி, கையில் கிடைத்ததை வைத்துச் சுரண்டினோம். பளபளவென்று உலோகம் தெரிந்ததும் மறுபடி முக்கினோம். எரிந்தது, பூனைக் கண் மாதிரி. நான் எலோயினாவைக் கட்டிப் பிடிப்பதற்குள் மங்கவும் ஆரம்பித்தது. செம்பில் குமிழி ஒட்டிக்கொள்கிறது, ஆட்டிவிட்டுக்கொண்டே இருங்கள் என்றாள். தெருப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஜாடியைப் பிடித்துக்கொண்டு, ஐஸ் கிடங்கு வாசலில், மழையில், செம்பைக் கிண்டிக்கொண்டு நின்றோம். நானே வாயைத் திறக்கவில்லை, அதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்.

முதலில் துடுப்புச் சத்தம்தான் கேட்டது. மோட்டார் நின்றுபோய் அத்தனை தூரமும் துடுப்பு போட்டிருக்கிறார். பாறைகளுக்கு நடுவில் நேராக வந்தார், கரையில் குதித்ததும், “கோயில் விளக்குக்குக் கீழ ஒண்ணு மங்கி மங்கி எரிஞ்சுது. நட்சத்திரம் அப்படி எரியாது, யாரோ பாடுபடறாங்கன்னு தெரிஞ்சுது” என்றார். சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

உடம்பில் ஒரு கீறல் இல்லை, கவலைப்படாதே. ஆனால் அதற்குப் பிறகு அவர் கடல் பக்கம் போகவில்லை, வலை தைக்கிறேன் என்று வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வலையில் ஒரு ஓட்டைகூட இல்லை, நான் பார்த்துவிட்டேன், பார்க்காதது மாதிரிதான் காப்பி கொண்டு போய் வைக்கிறேன். மின்சாரம் வந்ததும் நீ போன் பண்ணுவாய், முதலில் அவரிடம் பேசு, கடலைப் பற்றி மட்டும் கேட்காதே, சந்தியாகோவில் மீன் என்ன விலை என்று கேள், அவர் திட்டத் தொடங்கட்டும்.

நெஞ்சுக்கு எலுமிச்சையும் தேனும் மறக்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. மாதா உன்னைக் காக்கட்டும், என் கண்ணே, நூறு முத்தம்.

உன் அம்மா,
ஒமைரா

எலோயினாவும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். இந்த வருஷம் அயாக்காவை இருவரும் சேர்ந்து கட்டப் போகிறோம், மாவு என் பொறுப்பு.